துண்டைக் கட்டுங்க அப்பா

அத்தியாயம் 14

இரண்டு மாதம், ஒன்பது நாள். மகள் வினோதாவோடு ஆண்டியப்பன் பேசாமல் கழித்த காலம் அது. அவர் எண்ணவில்லை. எண்ணிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி லெட்சுமி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் லெட்சுமி கொழுந்து பறிக்கிறவள், ஆண்டியப்பன் முற்றிய செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இருவரையும் முப்பது வருடமாக மலையில் நிறுத்தி வேலை வாங்கியவர்கள் கண்டாக்குமார்கள். இவர்கள் பெற்ற பெண் அந்தக் கண்டாக்கு உத்தியோகத்துக்கே தேர்வானாள். தோட்டத்து வீட்டு வரிசையான லயமே கூடிப் பட்டாசு கொளுத்தியது. ஆண்டியப்பன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நம்ம சனத்த விரட்டுற வேலைக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார்.

"விரட்டாம வேல வாங்க முடியுமான்னு பாக்கத்தான் போறேன்" என்றாள் வினோதா. அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே, வாய் சும்மா இருக்குமா? அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு அறுந்தது. அவள் இறம்பொடைப் பக்கம் சோலைக்கந்தைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லெட்சுமி மெல்லக் கொக்கி போட்டாள்.

"ஏங்க, வீரம்மாவப் பாத்து நாலு வருசமாச்சு. ஒரு நா போயிட்டு வருவமா?"

"எங்க இருக்கு அது?"

"இறம்பொடைப் பக்கம். சோலைக்கந்தையில."

ஆண்டியப்பன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். வீரம்மா எங்கே இருக்கிறாள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் லெட்சுமியும் வீரம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். வீரம்மாவை இறம்பொடைக்குக் கட்டிக் கொடுத்தபோது பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போனவரே இவர்தான்.

"ம்" என்றார் கடைசியில். அந்த 'ம்' யாரைப் பார்க்கப் போவதற்கு என்று லெட்சுமி கேட்கவில்லை. கேட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். பையில் வீட்டுத் தோட்டத்து லீக்ஸும் கரட்டும். அடியில் ஒரு டப்பா எள்ளுருண்டை. வீரம்மாவுக்கு எள்ளு ஒத்துக்கொள்ளாது என்பது ஆண்டியப்பனுக்கும் தெரியும். ஆனாலும் பையை வாங்கித் தூக்கிக்கொண்டாரே தவிர வாய் திறக்கவில்லை.

தலவாக்கலையில் ஒரு பஸ், நுவரெலியாவில் இன்னொன்று. நுவரெலியா பஸ் நிலையத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போன மனிதர், ஒரு கம்பளிக் காலுறை ஜோடியோடு திரும்பி வந்தார். முழங்கால் வரை வரும் நீளம்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான். குளிருது."

ஐம்பத்தாறு வயதுவரை சப்பாத்துப் போடாத காலுக்குக் காலுறையா? வினோதா சப்பாத்துப் போட்டு மலையில் நிற்கிற படத்தைத் தம்பி சுமனின் போனுக்கு அனுப்பியிருந்தாள். 'அட்டை கடிதான் தாங்க முடியல' என்று கீழே எழுதியிருந்தாள். சுமன் அதைக் காட்டியபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவர்தான் இவர். லெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். நடத்துனர், "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். லபுக்கலை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தோட்டம், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோயில். பச்சை நிரைகளுக்கு நடுவே பெண்கள் தலையில் கூடைக் கயிறு மாட்டி நிற்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்தும் லெட்சுமிக்குக் கை துறுதுறுத்தது. "இந்த மலையில கொழுந்து முத்திப்போச்சு. ரெண்டு நாளைக்கு முந்தியே பறிச்சிருக்கணும்" என்றாள்.

"ஒன்னத்தான் கேட்டாங்க" என்றார் ஆண்டியப்பன்.

தலைத்துண்டை அவிழ்த்தார், உதறினார், திரும்பக் கட்டினார். அந்தத் துண்டுக்கு ஒரு கதை உண்டு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். ஆண்டியப்பன் இரண்டு கையிலும் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சிக் கட்டைத் தாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார். எதிரே சின்னத்தம்பி கண்டாக்கு வந்தார். கண்டாக்கு வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டு ஓரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். அன்றைக்குக் கை சும்மா இல்லை. சின்னத்தம்பி தன் தடி நுனியால் அந்தத் துண்டைக் கோர்த்து எடுத்தார். கானில் ஓடிய சேற்றுத் தண்ணீரில் வீசினார். "இப்ப எடுத்துக் கட்டு" என்றார்.

அப்படிப்பட்டவர்கள் செய்கிற வேலைக்கு மகள் போயிருக்கிறாள். ஆண்டியப்பனின் வருத்தம் அதுதான். அது நியாயமில்லை என்று லெட்சுமியால் சொல்ல முடியவில்லை. ஆனால் தன் பெண்ணும் அப்படி ஆகிவிடுவாள் என்று நம்பவும் அவளால் முடியவில்லை.

இறம்பொடைச் சந்தியில் இறங்கி, பிஸ்கட் வாங்க ஹுசைன் நானாவின் கடையில் நுழைந்தார்கள்.

"யார் ஊட்டுக்குப் போறீங்க?"

"சோலைக்கந்தைக்குங்க. எங்க கூட்டாளி வீரம்மா வீட்டுக்கு."

"சோலைக்கந்தையா! அங்க இப்ப ஒரு பொம்பளப் புள்ள கண்டாக்கா வந்திருக்கு, தெரியுமா? இந்த ரோட்டுல மோட்டர் சைக்கிள்ல போகும். போகக்குள்ள சலாம் சொல்லிட்டுத்தான் போகும். எங்கட மகள் ஹப்ஸாவக் கூப்பிட்டுக் காட்டினேன். பாரு, படிச்சா இப்பிடி வரலாம்னு."

லெட்சுமிக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம்தான் அடக்குவாள்? "அது எங்க மகதாங்க" என்றாள்.

ஹுசைன் நானா மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். ஆண்டியப்பனின் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினார். "மாஷா அல்லாஹ்! இருங்க, பிளேன்டீ குடிக்காமப் போக உடமாட்டேன்" என்றார். ஆண்டியப்பன் பிஸ்கட் பெட்டியில் எழுதியிருந்ததையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அது சிங்களத்தில் எழுதியிருந்தது. அவருக்குச் சிங்களம் பேச வரும், படிக்க வராது.

வீரம்மாவின் காம்பரா கீழே பணிய லயத்தில் மூன்றாவது அறை. பன்னிரண்டே காலுக்கு அவள், காலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கூடையோடு ஓடி வந்தாள்.

"அடியே லெட்சுமி! வாங்கண்ணே, வாங்க! எப்பிடி எளச்சுப் போயிட்டீங்க ரெண்டு பேரும்!" என்று கூடையை எறிந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். வருவதாக லெட்சுமி முன்பே சொல்லியனுப்பியிருந்ததால், விடியற்காலையிலேயே எழுந்து சேவல் அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சோறு மட்டும்தான் பாக்கி.

அடுப்பை ஊதிக்கொண்டே பேசினாள். பேசினாள் என்றால் வினோதாவைப் பற்றித்தான். "ஒன் மக ஒரு நா விட்டு ஒரு நா நம்ம வீட்டுலதான் சாப்புடும். அத்த, அத்தன்னு வாய் நெறயக் கூப்புடும். ஆனா மலையில ஏறிட்டா வேற ஆளுடி! போன கெழம நாகலெட்சுமி, பிள்ளைக் காம்பராவுல பிள்ளைய விட்டுட்டு வர பத்து நிமிசம் பிந்திட்டா. மத்தியானம் ஒன்றரைக்கு மலையில நிக்கணும்ல. அரைப்பேரு போட்டுருச்சு. பாதி நா வேலதான் அவ கணக்குல."

ஆண்டியப்பன் முன் திண்ணையான இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். "அரைப்பேரா?" என்றார். நினைத்தது சரியாகிவிட்டது என்கிற குரல் அது.

சோறு வெந்து இலை போடும்போது மணி ஒன்றுக்குக் கிட்டம். விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவாமல் வீட்டுப் பெண் வாசல் இறங்குவதில்லை. இது வீரம்மா பிறந்த லயத்து வழக்கம். லெட்சுமி அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். ஆண்டியப்பனோ சாப்பாட்டில் அவசரம் அறியாத மனிதர். எலும்பைக் கடித்தால் உள்ளே இருப்பதை உறிஞ்சாமல் விடமாட்டார்.

"ஏங்க, சீக்கிரங்க" என்று லெட்சுமி காலால் இடித்தாள்.

"மெதுவாச் சாப்புடுங்கண்ணே, நேரம் கெடக்கு" என்றாள் வீரம்மா, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே. அது ஒன்று முப்பத்தைந்து காட்டியது.

அவர் கை கழுவியதும் கூடையை மாட்டிக்கொண்டு வீரம்மா குறுக்குப் படிக்கட்டில் ஓடினாள். மகளைக் காட்டுகிறேன் என்று அவள் சொன்ன ஆறாம் நம்பர் மலைக்கு இவர்கள் இருவரும் வண்டிப் பாதையில் ஏறினார்கள். ஆண்டியப்பன் மறுப்புச் சொல்லவில்லை. காலுறைப் பொட்டலம் இன்னும் கையிலேயே இருந்தது.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதை வளைகிற இடத்தில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு நீளச் சப்பாத்து, கையில் தடி; பனியில் முகம் தெரியவில்லை. பிந்தி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ஒரு கண்டாக்கு இறங்கி வந்தார்.

ஆண்டியப்பனின் கை தானாக எழுந்தது. தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் செருகினார். ஒரு கால் கானுக்குள், மறுகாலும் கானுக்குள். கணுக்கால்வரை தண்ணீரில் குனிந்து நின்றார். லெட்சுமி, "ஏங்க, என்னா பண்றீங்க?" என்று கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கண்டாக்கின் சப்பாத்து பாதையில் அப்படியே நின்றது.

"அப்பா."

ஆண்டியப்பன் நிமிர்ந்து பார்த்தார். தொப்பிக்குக் கீழே தன் முகமே இருந்தது, மூக்கும் தாடையும் அப்படியே.

வினோதா தடியைக் கீழே போட்டாள். நேராகக் கானுக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். புதுச் சப்பாத்துக்குள் தண்ணீர் போனது.

"துண்டக் கட்டுங்க அப்பா."

அவர் கட்டவில்லை. "கண்டாக்குன்னா கண்டாக்குதான்" என்று மகளைப் பார்க்காமல் லெட்சுமியிடம் சொன்னார்.

"அன்னைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துக்கிட்டிருந்தேன் அப்பா" என்றாள் வினோதா. "வளைவுல நின்னு பாத்தேன். நீங்க போன பெறகு கானுல எறங்கி அந்தத் துண்ட எடுத்துக் கழுவிக் காயப்போட்டது நான்தான்."

ஆண்டியப்பன் லெட்சுமியைப் பார்த்தார். அவள்தான் கழுவினாள் என்று பதினோரு வருடமாக நினைத்திருந்தார். லெட்சுமிக்கே இது புதுச் செய்தி. கொடியில் காய்ந்த துண்டைக் கானிலிருந்து அவரே எடுத்து வந்தார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இத்தனை நாளாக வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாளே என்று மகளின் தோளைத் தொட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலே நிரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நாகலெட்சுமி.

"மிஸ்! வீரம்மாக்கா இப்பத்தான் வந்தாங்க! மணி என்னான்னு பாருங்க மிஸ்!"

வினோதா தடியை எடுத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே லெட்சுமி ஓடினாள். துண்டு கக்கத்திலேயே இருக்க, ஆண்டியப்பன் கடைசியாக ஏறினார்.

மலையில் இருபது பெண்களும் பறிப்பதை நிறுத்தியிருந்தார்கள். வீரம்மா கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மணி ஒன்று ஐம்பது. நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள். தன் பிள்ளைக்காகப் பிந்திய பத்து நிமிடத்துக்கு அரைப்பேர். கண்டாக்கின் அப்பா அம்மாவுக்கு ஆக்கிப் போட்டுப் பிந்திய இருபது நிமிடத்துக்கு என்ன? அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "நாங்கதான்டி காரணம். ஒங்கப்பா தின்னு முடிக்கல, வீரம்மா எப்பிடி வருவா?" என்றாள். ஒன்றிரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

வினோதா சிரிக்கவில்லை. வீரம்மாவுக்கு நேரே வந்து நின்று, தொப்பியைக் கழற்றினாள்.

"அத்த, நீங்க எதுக்காகப் பிந்துனீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா அம்மாவுக்குச் சோறு போட்டீங்க. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு ஒங்களுக்கு அரைப்பேருதான். கோவிச்சுக்காதீங்க."

சத்தம் போடவில்லை. ஒரு வசவு இல்லை. 'நீ' என்றுகூடச் சொல்லவில்லை. லெட்சுமி முப்பது வருடம் மலையில் கேட்டிராத பேச்சு அது. சோறு போட்ட கைக்கு அரைப்பேரா என்று கோபம் வந்தது. வந்த கோபம் போன இடம் தெரியாமல், நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. இவள் என் பிள்ளை என்று அந்த இருபது பேரையும் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வீரம்மா வியர்வையைத் துடைத்தாள். "எழுது தாயி" என்றாள். "ஏய் நாகலெட்சுமி, பாத்தியா? ஆளப் பாத்துப் போடல, நேரத்தப் பாத்துத்தான் போடுது. இனி இந்த மலையில எவளும் வாயத் தொறக்க ஏலாது." பிறகு கூடையைக் கழற்றினாள். "சரி, நல்லதாப் போச்சு. வாடி லெட்சுமி, பஸ் வாற வரைக்கும் கத பேசலாம்."

நாகலெட்சுமி இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் வினோதாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து கொழுந்தைக் கிள்ளத் தொடங்கினாள்.

எல்லோருக்கும் பின்னால் நின்ற ஆண்டியப்பன் கக்கத்திலிருந்து துண்டை எடுத்தார். உதறினார். கண்டாக்குக்கு நேர் எதிரே, அத்தனை பேரும் பார்க்க, நிதானமாகத் தலையில் சுற்றிக் கட்டினார்.

"அரைப்பேரு போட்டது சரிதான்" என்றார் மகளைப் பார்த்து. "அந்த இருவது நிமிசமும் என்னோடது. கோழிக் கால நான்தான் விடல."

இரண்டு மாதத்துக்கும் ஒன்பது நாளுக்கும் பிறகு வந்த முதல் பேச்சு கோழிக்காலைப் பற்றியதாக இருக்கும் என்று லெட்சுமி நினைக்கவில்லை. வினோதா தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

வேலை முடிந்து ஐந்து மணிக்கு அவளே சந்திவரை வந்து பஸ் ஏற்ற நின்றாள். ஆண்டியப்பன் காலுறைப் பொட்டலத்தை நீட்டினார். "அட்டைக்கு நல்லது" என்றார். எள்ளுருண்டை டப்பாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு விசயம் சொல்லணும் அப்பா. மொதலாந்தேதியிலருந்து எனக்கு மாத்தல். நம்ம தோட்டத்துக்குத்தான்."

லெட்சுமி கூவியே விட்டாள். "அப்ப நான் பிந்துனா எனக்கும் அரைப்பேராடி?"

"போடுவேன்மா."

"போடு பாப்போம்! முப்பது வருசத்துல ஒரு நா பிந்தியிருக்கேனா நான்?"

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "நம்ம தோட்டத்துல யாருக்குக் கீழ?" என்று கேட்டார்.

"பெரிய கண்டாக்கு ஒருத்தர்தானே இருக்காரு. சின்னத்தம்பி ஐயாவுக்குக் கீழதான்."

"அவுங்களாப் போட்டாங்களா?"

"நானாத்தான் கேட்டு வாங்குனேன்."

பஸ் வந்து நின்றது. நடத்துனர் அவசரப்படுத்தினான். ஏறி உட்கார்ந்து, மகள் கண்ணுக்கு மறைகிறவரை லெட்சுமி கையசைத்தாள். கணவர் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. இத்தனை பாடுபட்டுச் சேர்ந்தது மறுபடி அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

பஸ் லபுக்கலை வளைவில் ஏறியது. ஆண்டியப்பன் தலைத்துண்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"மொதலாந்தேதி காலப் பெரட்டுக்கு என்னையும் நேரத்தோட எழுப்பு லெட்சுமி" என்றார். "சின்னத்தம்பி ஐயா பேர் கூப்புடும்போது, நான் இப்பிடியேதான் நிப்பேன்."